160 மேல் போட்ட கோடு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருந்தபோது நடந்தது இது. பையர் துணியின் கனத்தை மாற்றச் சொல்லியிருந்தார். 160 ஜிஎஸ்எம் வேண்டாம், 180 வேண்டும் என்றார். நான் பழைய ஆர்டர் விவர அஞ்சலையே எடுத்து, 160 என்ற எண்ணின் மேல் அடித்தல் கோடு போட்டு, பக்கத்தில் சிவப்பில் 180 என்று எழுதி, உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். என் திரையில் பார்த்தால் எது பழையது, எது புதியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

உற்பத்தி மேலாளர் அந்த வரிகளை நகலெடுத்து நிட்டிங் யூனிட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒட்டினார். அங்கே போய்ச் சேர்ந்தது இதுதான்:

சிங்கிள் ஜெர்சி 160 180 ஜிஎஸ்எம்

கோடும் போயிற்று, சிவப்பும் போயிற்று. நிட்டிங் மாஸ்டர் முதலில் இருந்த எண்ணை எடுத்துக்கொண்டார். முந்தைய ஆர்டரும் 160தான் என்பதால் அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை. துணி பின்னப்பட்டு, சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி, கட்டிங் மேசைக்கு வந்த பிறகுதான் "என்ன, மெலிசா இருக்கே?" என்று ஒருவர் கையில் பிடித்துப் பார்த்துக் கேட்டார். நூலுக்கும் பின்னலுக்கும் சாயத்துக்கும் கொடுத்த பணம் வீண். ஷிப்மென்ட் தேதியும் தள்ளிப்போயிற்று.

மேலாளர் நகலெடுத்து ஒட்டியதில் தவறில்லை. அலுவலகத்தில் செய்தி அப்படித்தான் கைமாறும். மாஸ்டர் மேலும் தவறில்லை. ரத்து என்ற செய்தியைச் சொல்லால் எழுதாமல் கோட்டால் எழுதியது நான். அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துவரும் விதி ஒன்றுதான்: அஞ்சலிலிருந்து நிறம், தடிப்பு, கோடு, கட்டம் எல்லாம் உதிர்ந்து போனாலும் பொருள் மாறக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லித்தருவதும் இதைத்தான். அதே மாற்றத்தை இன்று இப்படி எழுதுவேன்:

மாற்றம்: துணி 180 ஜிஎஸ்எம்.
முன்பு சொன்ன 160 ஜிஎஸ்எம் ரத்து.

இந்த இரண்டு வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டலாம், போனில் வாசித்துக் காட்டலாம், துண்டுச் சீட்டில் எழுதி மெஷின் பக்கத்தில் மாட்டலாம். எங்கே போனாலும் அதே பொருள்தான்.

ஒரே உறைக்குள் இரண்டு கடிதம்

மின்னஞ்சலை வெறும் எழுத்தாக, அதாவது ப்ளெயின் டெக்ஸ்டாக, அனுப்புவதா, நிறமும் அளவும் படமும் சேர்த்து எச்டிஎம்எல் வடிவில் அனுப்புவதா என்பது கணினிக்காரர்களிடையே முப்பது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. நமக்கு அதில் என்ன வேலை என்று தோன்றலாம். அந்த வழக்கின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் நம் அன்றாட அஞ்சல் ஏன் அப்படி உடைகிறது என்பது புரிந்துவிடும்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியாக அஞ்சல் அனுப்பியபோது, பெயரையும் கணினியையும் பிரிக்க @ குறியை எடுத்துக்கொண்டார். 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற தரம் மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே செல்லும். தடித்த எழுத்து கிடையாது. தமிழும் கிடையாது.

1992இல் நதானியேல் பொரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் பொரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து ஓர் அஞ்சல் அனுப்பினார். இன்று நாம் அனுப்பும் ஒவ்வொரு இணைப்புக்கும் மூதாதை அது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் அஞ்சலில் ஒழுங்காகப் பயணம் செய்ய வழி திறந்ததும் அதே மைம்தான்.

மைமில் ஒரு ஏற்பாடு உண்டு. அலுவலகத்தில் வேலை செய்யும் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரே செய்தியை இரண்டு வடிவில் ஒரே உறைக்குள் வைக்கலாம். எளிய வடிவம் முதலில், அலங்கார வடிவம் கடைசியில். பெறுபவரின் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்ததில் கடைசியானதை எடுத்துக்கொள்ளும். ஜிமெயில் போன்றவை நீங்கள் கேட்காமலே இப்படி இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புகின்றன. நீங்கள் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டியது ஒரு கடிதம். மென்பொருள் தானாகவே வண்ணத்தை உரித்து உள்ளே வைத்தது இன்னொரு கடிதம். இரண்டாவதை நீங்கள் ஒருமுறைகூடப் படித்ததில்லை, ஆனால் அதுவும் உங்கள் கையெழுத்தோடுதான் போகிறது.

1995இல் இன்டெல்லைச் சேர்ந்த சாலி ஹாம்ப்ரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 மின்னஞ்சல் ஒழுக்கத்துக்கு ஒரு வழிகாட்டி. வரி 65 எழுத்துக்குள் இருக்கட்டும், கையொப்பம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவது போலாகும் என்றெல்லாம் அதில் உண்டு. 65 எழுத்துக் கணக்கு இன்றைய கைப்பேசிக்கு ஒத்துவராது. நான்கு வரிக் கையொப்பம் இன்றைக்கும் பொருந்தும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்ப ஆசைப்பட்டால் ப்ளெயின் டெக்ஸ்டில்தான் அனுப்ப வேண்டும். எச்டிஎம்எல் அஞ்சலை அங்கே ஏற்பதில்லை. இது பழமைப் பிடிவாதம் இல்லை. திருத்தம் அஞ்சலின் உடலிலேயே இருக்கும், அதிலிருந்து நேராக நிரலுக்குள் போகும். ஒரு டேப் இடைவெளியாக மாறினாலே திருத்தம் பொருந்தாது. ஜிமெயிலின் வலைப்பக்கம் டேபை இடைவெளியாக மாற்றிவிடும் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. கல்லூரி முடித்துத் திறந்த மூல வேலையில் பெயரெடுக்க நினைக்கும் இளைஞர்கள் கிட் சென்ட்-இமெயில் கட்டளையை முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

எங்கெங்கே உதிர்கிறது

வாட்ஸ்அப் ஓர் இடம். மற்றவை கண்ணில் படாமல் நடக்கும்.

வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் டிக்கெட் மென்பொருள்கள் பல, அஞ்சலை உள்ளே எடுக்கும்போது எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். "என் பதில்கள் நீலத்தில்" என்று எழுதி, பையரின் கேள்விகளுக்கு நடுவே நடுவே பதில் போட்டு அனுப்பினால், அங்கே கேள்வி எது, பதில் எது என்று பிரிக்க முடியாத ஒரே பத்தி இருக்கும். விண்டோஸ் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக், 2007 பதிப்பு முதல் எச்டிஎம்எல் அஞ்சலைக் காட்ட வேர்டின் எந்திரத்தையே பயன்படுத்துகிறது. அதனால் உலாவியில் ஒழுங்காக இருந்த அமைப்பு அங்கே கோணிப் போவது சாதாரணம். கைப்பேசியில் இருள் திரை வைத்திருப்பவருக்கு உங்கள் அடர்நீலம் கறுப்போடு கரைந்து போகலாம். அலுவலகத்துக் கறுப்பு வெள்ளை பிரிண்டரில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்.

திரையைக் கண்ணால் படிக்காமல் காதால் கேட்பவர்களும் நம் அலுவலகங்களில் இருக்கிறார்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தைப் படித்துச் சொல்லும், வழக்கமான அமைப்பில் நிறத்தைச் சொல்லாது. "மஞ்சளில் காட்டியவற்றை மட்டும் சரிபார்க்கவும்" என்ற வரி அவருக்கு எதையும் தராது. இதைவிட மோசம், சுற்றறிக்கையைப் படமாக ஒட்டி அனுப்புவது. பொங்கல் விடுமுறை அறிவிப்பைப் பானையும் கரும்பும் போட்ட ஒரு படமாக மனிதவளப் பிரிவு அனுப்புகிறது. பார்க்க அழகு. ஆனால் அதில் இருக்கும் தேதியைத் திரைவாசிப்பான் தானாகப் படிக்காது, அஞ்சல் பெட்டியில் தேடினாலும் பெரும்பாலும் சிக்காது, படங்களைத் தானாகத் திறக்காத மென்பொருளில் வெறும் கட்டம்தான் தெரியும். படம் இருக்கட்டும். அதன் கீழே தேதிகளை இரண்டு வரி எழுத்தாகவும் போட்டுவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

எழுத்துருவே மொழியாக இருந்த காலம்

இந்த வழக்கில் தமிழர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்களைவிட அனுபவம் அதிகம். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். ஈழத் தமிழர்களிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி மிகப் பரவலாக இருந்தது. அதில் "அம்மா" என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். அந்த ஐந்து குறிகளின் மேல் பாமினி என்ற முகத்தை மாட்டினால்தான் அம்மா தெரிவாள். எதிர்ப்பக்கக் கணினியில் பாமினி இல்லாவிட்டாலும், அஞ்சல் ப்ளெயின் டெக்ஸ்டாக மாறிவிட்டாலும் முகம் கழன்று விழும். மிஞ்சுவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஆங்கிலேயனுக்கு வடிவமைப்பு உதிர்ந்தால் அழகு போனது. நமக்கு மொழியே போனது.

இந்த வேதனைக்கு முடிவு கட்டத்தான் தரக் குறியீட்டுக்கான முயற்சிகள் நடந்தன. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் முன்வைக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரங்களாக ஏற்றது. யூனிகோடில் "அ" என்பது எந்த எழுத்துரு போட்டாலும் "அ"தான். ப்ளெயின் டெக்ஸ்டில் தமிழ் முழுதாகப் பிழைத்து நிற்பது அதனால்தான்.

ஆனாலும் பழைய சிக்கல் ஒழியவில்லை. பத்திரம் எழுதும் இடங்களிலும், வழக்கறிஞர் அலுவலகங்களிலும், டிடிபி கடைகளிலும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த கோப்புகள் இன்னும் நிறைய. அந்த வேர்டு கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து அஞ்சலில் ஒட்டினால் உங்கள் திரையில் தமிழாகத் தெரியும், உங்களிடம் அந்த எழுத்துரு இருப்பதால். பெறுபவருக்கு உளறலாகப் போகும். சோதிக்க எளிய வழி: அதே பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்தாகச் சிதறினால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றிவிட்டு, பிறகு அஞ்சலில் ஒட்டுங்கள். விண்ணப்பமோ தன்விவரமோ தமிழில் கேட்கும் இடங்களுக்கு எழுதும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். எதிரில் இருப்பவர் உளறலைப் பார்த்தால் திருப்பிக் கேட்கப் போவதில்லை, அடுத்த விண்ணப்பத்தைத் திறப்பார்.

அழுத்தம் சொல்லிலேயே இருக்கிறது

"போல்டு போடாவிட்டால் மேனேஜர் பார்க்கவே மாட்டார் சார்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. நாளுக்கு நூறு அஞ்சல் வரும் ஒருவர் கண்ணை ஓட்டித்தான் படிப்பார், அதை மறுக்கவில்லை. ஆனால் தமிழில் எழுதும்போது நம் கையில் தடித்த எழுத்தைவிடக் கூர்மையான கருவிகள் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

பணம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.
பணம் வெள்ளிக்கிழமையே வர வேண்டும்.
பணம் வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும்.
பணம் வெள்ளிக்கிழமையாவது வர வேண்டும்.

முதலாவது கெடு. இரண்டாவதில் அதற்கு மேல் ஒரு நாளும் தள்ள இடமில்லை. மூன்றாவதில் முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். நான்காவதில் ஏற்கெனவே ஒரு தவணை தவறிவிட்டது என்பது மூன்றெழுத்துக் கூடுதலில் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை என்ற சொல்லைத் தடிக்கவைத்துச் சிவப்பாக்கினால் இந்த நான்கில் எதைச் சொல்கிறீர்கள்? "இங்கே பார்" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. ஏகாரத்துக்குத் தேற்றம் என்று ஒரு பொருள் இருப்பதைத் தொல்காப்பியமே பேசுகிறது. அந்த ஏகாரம் எந்த மென்பொருளிலும் உதிராது. பெரிய எழுத்து என்ற ஒன்றே தமிழில் இல்லாததால் கத்துகிற சிக்கலும் நமக்கு இல்லை. சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். நம் எழுத்தின் வளைவுகள் சாய்ந்தால் சிறு திரையில் கண் திணறும்.

வினை கடைசியில் வருவது தமிழின் இயல்பு. கடிதத்தில் அது அழகு. கைப்பேசி அறிவிப்பில் அதுவே ஆபத்து, ஏனென்றால் அங்கே தெரிவது முதல் சில சொற்கள் மட்டும். நாம் பள்ளியில் பழகிய விண்ணப்ப நடையில் ஓர் அஞ்சல் இப்படி வரும்:

"மேற்படி பொருள் தொடர்பாகத் தாங்கள் 12ஆம் தேதி அனுப்பிய அஞ்சலில் கேட்டிருந்த விவரங்களைக் கணக்குப் பிரிவிடமிருந்து பெற வேண்டியிருப்பதாலும், அப்பிரிவின் அலுவலர் தற்போது விடுப்பில் இருப்பதாலும், இரு நாள் கூடுதல் அவகாசம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பணிவில் குறையில்லை. ஆனால் என்ன வேண்டும் என்பது பத்தொன்பது சொல் தாண்டித்தான் வருகிறது. இதையே உடைத்து எழுதலாம்:

"வணக்கம் ஐயா. இரண்டு நாள் கூடுதல் அவகாசம் வேண்டும். 16ஆம் தேதி மாலைக்குள் விவரங்களை அனுப்பிவிடுகிறேன். கணக்குப் பிரிவு அலுவலர் விடுப்பில் இருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்."

மரியாதை "ஐயா"விலும் "வணக்கம்" என்பதிலும் இருக்கிறது. கோரிக்கை முதலில் வந்துவிட்டது. தேதியும் காரணமும் தனித்தனி வாக்கியம். தடித்த எழுத்துக்கு இதில் வேலையே இல்லை.

நம் அரசு அலுவலகக் கடிதத்தைப் பலரும் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. ந.க. எண், நாள், அனுப்புநர், பெறுநர், "பொருள்" என்று ஒரு வரி, "பார்வை" என்று எண்ணிட்டு முந்தைய கடிதங்கள், அடியில் "நகல்" யாருக்கு என்ற பட்டியல். நிறமோ எழுத்துருவோ இல்லாத தட்டச்சு எந்திரத்துக்காகப் பிறந்த ஒழுங்கு அது. எது எங்கே இருக்கும் என்பது இடத்தாலேயே தெரியும். மின்னஞ்சலின் சப்ஜெக்ட் வரியும் சிசி பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. "பார்வை" வரியை மட்டும் நாம் தொலைத்துவிட்டோம். அதை மீட்டெடுங்கள் என்பேன். "பார்வை: 12ஆம் தேதி உங்கள் அஞ்சல், விலைப்பட்டியல் 3" என்று ஒரு வரி போட்டால், படிப்பவர் நாற்பது அஞ்சல் நீளமுள்ள தொடரைக் கீழே கீழே இழுத்துத் தேட வேண்டியதில்லை.

சப்ஜெக்டில் "வணக்கம்", "அவசரம்", "முக்கியம்!!!" என்பவை எதையும் தெரிவிப்பதில்லை. என்ன செய்ய வேண்டும், எதன்மேல், எப்போதைக்குள் என்ற மூன்றும் அங்கேயே இருக்கட்டும்: "ஒப்புதல் தேவை: 180 ஜிஎஸ்எம் துணி விலை, 14ஆம் தேதிக்குள்". படிப்பவர் அஞ்சலைத் திறக்காமலே அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம்.

கட்டம் தேவைப்படும் இடம்

ப்ளெயின் டெக்ஸ்ட்தான் எல்லாவற்றுக்கும் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. நான்கு அளவு, மூன்று நிறம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை துண்டு என்று எழுத வேண்டியிருந்தால் அட்டவணைதான் வழி. ஆங்கிலத்தில் ஒரே அகல எழுத்துருவில் இடைவெளி தட்டி நெடுவரிசையை ஒப்பேற்றிவிடுவார்கள். தமிழில் அது நடக்காது. "டி"யும் "ணௌ"வும் ஒரே அகலத்தில் அடங்காது, எவ்வளவு இடைவெளி தட்டினாலும் வரிசை கோணும்.

அட்டவணை போடும்போது நான் செய்வது: அதற்கு மேலே ஒரு வாக்கியத்தில் விடையைச் சொல்லிவிடுவேன். "மொத்தம் 12,000 துண்டு, கறுப்பு மட்டும் 6,000. பிரிவு கீழே." கட்டம் கலைந்தாலும் அந்த வாக்கியம் நிற்கும். பத்து வரிசைக்கு மேல் போனால் அஞ்சலுக்குள் போடாமல் எக்செல் கோப்பாக இணைப்பேன். தடித்த எழுத்து ஒரு அஞ்சலில் ஓரிடத்தில் மட்டும். ஐந்து இடம் தடித்தால் எதுவும் தடிக்கவில்லை என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரம் போட்டால் வாட்ஸ்அப்பில் தடிக்கிறது அல்லவா? அந்தப் பழக்கத்தின் ஊற்று ப்ளெயின் டெக்ஸ்ட் அஞ்சல்தான். தடிக்க வழியில்லாத காலத்தில் மக்கள் கண்டுபிடித்த அடையாளம் அது. 2004இல் மார்க்டவுன் என்ற எழுத்து முறையை வெளியிட்ட ஜான் க்ரூபர், அதற்கு மிகப் பெரிய தூண்டுதல் ப்ளெயின் டெக்ஸ்ட் மின்னஞ்சலின் அமைப்புதான் என்று எழுதியிருக்கிறார். நட்சத்திரம் எந்தத் திரையிலும் நட்சத்திரமாகவாவது மிஞ்சும்.

பதில், நகல், கையொப்பம்

எட்டுக் கேள்வி வந்தால் எட்டுக்கும் எண்ணிட்டுப் பதில் எழுதுங்கள். கேள்வியை ஒரு வரியில் சுருக்கி, அடுத்த வரியில் "பதில்:" என்று தொடங்குங்கள். நிறத்தின் வேலையை அந்த ஒரு சொல் செய்துவிடும். கீழே தொங்கும் பழைய தொடரில் தேவையில்லாததை வெட்டிவிடுங்கள். விலை பேசும் அஞ்சலை அப்படியே வெளியாளுக்கு ஃபார்வர்டு செய்து, கீழே இருந்த நம் உள்விவகாரமும் சேர்ந்து போன கதைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

சிசியில் பெயர் சேர்த்தால் அவருக்கு இது ஏன் என்று ஒரு வரி சொல்லலாம். "ஸ்டோர்ஸ் தகவலுக்கு" என்றால் அவர் எதுவும் செய்ய வேண்டாம் என்பது தெரியும். மேலதிகாரியை நகலில் சேர்ப்பது சக ஊழியர்மேல் புகார் கொடுப்பது போலப் படும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நினைவூட்டலில் அதைச் செய்யாதீர்கள். ஒரு போன் அடித்துப் பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு செய்யலாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நம் முன்னெழுத்து அப்பாவின் பெயர். வெளிநாட்டுப் படிவம் கடைசிப் பெயர் கேட்டதும் அப்பாவின் பெயரை அங்கே நிரப்புகிறோம். பிறகு வரும் அஞ்சல் எல்லாம் அப்பாவை விளித்தே வருகின்றன. கையொப்பத்தில் எந்தப் பெயரால் உங்களை அழைக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். முழுப்பெயர், பொறுப்பு, கைப்பேசி எண் அடுத்தடுத்த வரிகளில். நான்கு வரி போதும். லோகோவைப் படமாகப் போட்டால் ஒவ்வொரு பதிலிலும் அது ஒரு இணைப்பாகச் சேர்ந்துகொண்டே போகும். பில் தேடி ஒரு பழைய தொடரைத் திறந்தால், இமேஜ்001, இமேஜ்002 என்று லோகோக்கள் வரிசையாக நிற்க, நடுவே எங்கோ பில் இருக்கும். கோப்புக்கும் பெயர் வையுங்கள். "ஸ்கேன்0007" என்று வந்தால் அதைச் சேமிப்பவர் திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்ப விடும். ஆனால் இணைப்பு அஞ்சலுக்குள் எழுத்தாக மாற்றப்படும்போது மூன்று பைட் நான்காகிறது. 20 எம்பி கோப்பு சில இடங்களிலிருந்து ஏன் திரும்பி வருகிறது என்று குழம்புகிறவர்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

அஞ்சலில் வரும் இணைய முகவரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்டிஎம்எல் அஞ்சலில் கண்ணுக்குத் தெரியும் சொல் ஒன்று, தட்டினால் போகும் முகவரி வேறொன்றாக இருக்கலாம். வங்கியின் பெயரில் ஏமாற்றுபவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். அதனால் பணம், கடவுச்சொல், வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்ட அஞ்சலில் "இங்கே சொடுக்கவும்" என்று மறைக்காமல் முகவரியை முழுதாக எழுதுங்கள். கணக்கு எண் மாறியது என்று சப்ளையர் பெயரில் அஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணத்தை நகர்த்துங்கள்.

செய்து பார்க்க

வேர்டிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் வரும், அதன் உடுப்பு வராது. மூன்று எழுத்துரு, இரண்டு நிறம், நடுவே சாம்பல் பின்னணி என்று ஒட்டுப்போட்ட துணி போல வரும் அஞ்சல்கள் இந்த ஒரு பழக்கத்தாலேயே ஒழியும். ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் அடியில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் ப்ளெயின் டெக்ஸ்ட் மோட் இருக்கும். ஒரு வாரம் அதிலேயே எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கை தவிக்கும். மூன்றாவது நாள் நிறத்துக்குப் பதில் சொல்லைத் தேடத் தொடங்கும்.

ஆர்டர், விலை, தேதி, அளவு உள்ள எந்த அஞ்சலையும் அனுப்பும் முன் ஒருமுறை நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள், முதல்முறை பார்க்கும் நிட்டிங் மாஸ்டராக உங்களை நினைத்துக்கொண்டு. அங்கே "மேலே மஞ்சளில் உள்ள ஐந்து ஐட்டம் மட்டும் போதும்" என்று ஒரு வரி இருந்து, மேலே பன்னிரண்டு ஐட்டமும் ஒரே கறுப்பில் நின்றால், அந்த ஐந்தின் பெயரையும் அடியில் வரிசையாகத் தட்டிவிட்டு அனுப்புங்கள்.